எஞ்சின் வேலை கொடுக்கப் போகிறவர்கள் கவனத்திற்கு: என் 72,000 ரூபாய் போன விதம்

எஞ்சின் வேலை மட்டுமே செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் வேலூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில், என் பழைய டீசல் காரின் எஞ்சினை முழுதாகப் பிரித்து வேலை செய்ய 72,000 ரூபாய் கொடுத்தேன். வண்டி இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, அதற்குள் கிராங்க் (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) பேரிங்குகள் (அதைச் சுற்றி இரண்டு பாதியாக உட்காரும் மெல்லிய வளையங்கள்) தேய்ந்து அடியிலுள்ள செம்பு தெரிகிறது. புகார் கொடுக்க இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன், ஏனெனில் நாளைக்கே இன்னொருவர் அந்த மேசையில் பணத்தை எண்ணி வைக்கக்கூடும்.

தேய்த்துச் சீராக்க அனுப்பிய கிராங்க் லேத் பட்டறையிலிருந்து வந்ததும் உரிமையாளரே என்னை வரவழைத்தார். துணி விரித்த மேசையில் அதை வைத்து, ஜர்னலின் (பேரிங் உட்காரும் வழவழப்பான பகுதி) மேல் என் விரல் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நகம் எங்கும் தட்டவில்லை. “இருபது தௌ கிரைண்டிங் சார், கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க. இனி ஒரு லட்சம் கிலோமீட்டருக்குக் கவலையே இல்ல” என்றார். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இருபது தௌ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். புதிய பேரிங்கின் முதுகில் 0.50 என்று மில்லிமீட்டரில் பொறித்திருந்ததையும் காட்டினார். அளவு பொருந்தியது, பேச்சும் பொருந்தியது. மீதித் தொகையை அங்கேயே கொடுத்துவிட்டேன்.

ஆம்பூர் போகும் வழியில், பள்ளிகொண்டா தாண்டி வண்டி இழுக்கும்போது அடியிலிருந்து கனமான தட்டல் கேட்டது. உடனே போன் செய்தேன். புது எஞ்சின் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார். சத்தம் கூடியதும் நேரில் போனேன். ஆயில் விளக்கு எரியவில்லையே, அப்புறம் என்ன என்றார். பிரஷர் மிகவும் விழுந்த பிறகுதான் அந்த விளக்கு எரியும் என்பது எஞ்சின் வேலை செய்கிறவருக்குத் தெரியாதா? அடுத்து, கெட்டியான ஆயில் ஊற்றச் சொன்னார். அதற்கும் அடங்காதபோது, “டாப் கியர்லயே மேடு ஏத்தியிருப்பீங்க” என்று பழியை என் மீது போட்டார். லேத்தில் கேட்டால், சைஸ் கொடுப்பது மட்டும்தான் தங்கள் வேலை, கழுவி மாட்டுவது ஒர்க்‌ஷாப்பின் பொறுப்பு என்கிறார்கள். இப்போது என் எண்ணைப் பார்த்தாலே ஒர்க்‌ஷாப்பில் போனை எடுப்பதில்லை.

ராணிப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எஞ்சினை ஓடவிட்டு, இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். மூன்றாவதைத் தளர்த்தியதும் தட்டல் பெருமளவு அடங்கியது. அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, அந்தச் சிலிண்டரின் கான்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங்கை என் கையில் வைத்தார். வெள்ளி நிற மேற்பூச்சு போய், சுற்றுவட்டமாகக் கோடு கோடாகக் கீறல் விழுந்து, கரும்பொடி உள்ளே பதிந்திருந்தது. மேடு ஏற்றிக் கெட்டிருந்தால் பளு விழும் மேல் பாதிதான் அதிகம் தேய்ந்திருக்க வேண்டும், ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் பேரிங் இழுபட்டு உருகி ஜர்னல் நிறம் மாறியிருக்க வேண்டும், இங்கே இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி கீறல் இருப்பதால் இது ஆயிலோடு வந்த அழுக்கு என்று நிதானமாக விளக்கினார். பிறகு கிராங்கை இறக்கி, ஆயில் வழியை அடைத்திருந்த பிளக்கைக் கழற்றிக் கம்பியை விட்டார். சாம்பல் நிறத்தில் களிம்பாகக் கிரைண்டிங் பொடி வந்தது. காந்தத்தைக் காட்டியபோது அதில் பாதி ஒட்டிக்கொண்டது. ஆயில் ஃபில்ட்டரைக் கடந்த பிறகுதான் கிராங்குக்குள் போகிறது. அங்கே கிடக்கும் பொடியை எந்த ஃபில்ட்டரும் தடுக்காது, நேராகப் பேரிங்குக்குத்தான் போகும். ஆயில் துளையின் விளிம்பைக்கூடத் தேய்த்து மழுக்காமல் கூர்மையாகவே விட்டிருந்தார்கள். எனக்குக் காட்டிய பளபளப்பெல்லாம் வெளியே மட்டும்தான். பிளக்கைக் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடிக்கும் ஒரு மணி நேர வேலையைச் செய்யாததால் என் 72,000 ரூபாய் போயிற்று. இனி கிராங்கை 0.75 அளவுக்குத் தேய்த்து, பேரிங், கேஸ்கெட் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். அதற்கான செலவு தனி.

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போதைய மனநிலையில் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். கிரைண்டிங் முடிந்த கிராங்கைக் காட்டினால் பளபளப்பைப் பார்க்காதீர்கள், பிளக்கைக் கழற்றி உள்ளே கழுவினார்களா என்று கேட்டு, உங்கள் முன்னால் காற்றடிக்கச் சொல்லுங்கள். மாட்டும்போது ஆயில் கிளியரன்ஸை (பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவே ஆயில் நிற்கும் இடைவெளி) அளந்து பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். தட்டல் கேட்டால் ‘சரியாகிவிடும்’ என்ற பேச்சை நம்பி ஓட்டாதீர்கள், ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். கழற்றிய பேரிங்குகளைக் கடையில் விடாமல் எந்தச் சிலிண்டருடையது என்று எழுதி எடுத்து வந்துவிடுங்கள். பில் இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். நான் பேரிங்குகளையும் அந்தப் பொடியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன்.