சிலிகா டானிக் வாங்கும் டெல்டா விவசாயிகள் கவனத்துக்கு

சம்பா நெல் தூர் கட்டும் சமயம். திருவாரூர் பக்கம் ஒரு உரக்கடைக்கு யூரியா வாங்கப் போனால், கூடவே ஒரு 'சிலிகா டானிக்'கையும் தலையில் கட்டிவிட்டார்கள். "இதை அடிச்சா குருத்துப்பூச்சி, புகையான் எதுவும் அண்டாது. யூரியாவை மட்டும் குறைக்காம போடுங்க" என்றார் கடைக்காரர். பாட்டிலில் பொட்டாசியம் சிலிகேட் என்று அச்சடித்திருந்தது. பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டுதான் வந்தது.

முழுப் பொய்யாக இருந்தால் யாரும் வாங்க மாட்டோம். சிலிகாவில் இருக்கும் சிலிக்கான் சத்தை நெல் மண்ணிலிருந்து ஏராளமாக எடுக்கும். காய்ந்த தாளின் எடையில் 10 சதவீதம் வரைகூட இருக்கும். அது தண்டிலும் இலையிலும் படிந்து இறுகுவதால் குருத்துப்பூச்சிப் புழுவின் தாடை தேய்கிறது, துளைத்து உள்ளே போகத் திணறுகிறது. ஆனால் புழுவைக் கொல்லாது. தூரில் சாறு உறிஞ்சும் புகையான் சங்கதி வேறு. யூரியா தரும் தழைச்சத்து மிஞ்சிக் கொழுத்து நிற்கும் பயிரில்தான் அது பெருகும். பூச்சி வராது என்று சொல்லிக்கொண்டே யூரியாவை அள்ளிப் போடச் சொன்னது என்ன நியாயமோ!

டானிக் அடித்தும் புகையான் வந்தது. வயல் நடுவே வட்டம் வட்டமாகக் கருகல். தூரை விலக்கினால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே மொய்த்துக் கிடந்தது.

மிச்சமிருந்த டானிக்கை ஒரு தட்டில் ஊற்றி மஞ்சள்தூள் போட்டேன். பொட்டாசியம் சிலிகேட் கடும் காரம். மஞ்சள் செங்கல் நிறத்துக்கு மாற வேண்டும். பக்கத்துத் தட்டில் வெறும் துணி சோப்புத் தண்ணீரே சிவந்தது. இதில் மஞ்சள் மஞ்சளாகவே கிடந்தது. சிவந்தால் நல்ல சரக்கு என்றும் நம்பிவிடாதீர்கள், சலவைச் சோடா கலந்திருந்தாலும் சிவக்கும். சிவக்கவே இல்லையென்றால் அது வேறு ஏதோ தண்ணீர்.

கடையில் கேட்டால் "கம்பெனிக்காரன்கிட்ட பேசுங்க" என்று கை விரித்துவிட்டார். வேளாண் அலுவலகத்தில் பில்லும் சீல் பிரிக்காத பாட்டிலும் கேட்டார்கள். என்னிடம் இரண்டும் இல்லை. வாங்குபவர்கள் பொருளின் பெயர், பேட்ச் நம்பரோடு பில் வாங்குங்கள். தராவிட்டால் சரக்கை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சிலிக்கானுக்கு வைக்கோலை வயலிலேயே மடக்கி உழலாம். ரைஸ் மில் உமிச்சாம்பலிலும் பெரும்பங்கு சிலிகாதான். மிதமாக எரிந்த கறுப்புச் சாம்பலாகப் பார்த்து எடுங்கள். கடும் சூட்டில் வெந்த சாம்பலில் சிலிகா லேசில் கரையாது.