செங்குத்து வெக்டர் காணும் செயலி: பூச்சியத்தில் தடுக்கி விழுகிறது

கொடுக்கப்படும் இரண்டு வெக்டர்களுக்கும் (அளவும் திசையும் கொண்டவை) செங்குத்தான வெக்டரைக் குறுக்குப் பெருக்கத்தின் மூலம் கண்டு தரும் கைப்பேசிச் செயலி ஒன்றை ஒரு வாரமாகப் பயன்படுத்தி வருகிறேன். (2, 1, −1), (1, 3, 2) ஆகியவற்றை உள்ளிட்டபோது, (5, −5, 5) என்ற விடையோடு நின்றுவிடாமல், அதைக் கணக்கிட உதவும் அணிக்கோவையை (சதுரமாக அடுக்கிய எண்களிலிருந்து பெறும் கோவை) விரித்து, குறியை மாற்றப் பலரும் (நானுந்தான்) மறந்துவிடும் நடு உறுப்பைத் தனி நிறத்தில் காட்டியதும், பின்னர் இரு வெக்டர்களோடும் புள்ளிப் பெருக்கம் (ஒத்த உறுப்புகளைப் பெருக்கிக் கூட்டுவது; பூச்சியம் வந்தால் செங்குத்து) எடுத்து 10 − 5 − 5 = 0, 5 − 15 + 10 = 0 எனச் சரிபார்த்ததும் மெச்சத்தக்கவை. வரிசையை மாற்றினால் (−5, 5, −5) வருகிறது. அதுவும் செங்குத்தே, திசைதான் எதிர் என்ற குறிப்பும் உண்டு.

குறையோ பெரியது. (1, 2, 3), (2, 4, 6) எனும் இணை வெக்டர்களைக் கொடுத்தால், 'செங்குத்து வெக்டர்: (0, 0, 0)' என்று கூசாமல் அறிவிக்கிறது. இணை வெக்டர்கள் ஒரு தளத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதால் அவற்றுக்குச் செங்குத்தான திசைகள் எண்ணற்றவை. அதைச் சொல்லி எச்சரிக்க வேண்டிய இடத்தில், ஓரலகு வெக்டருக்கான (விடையை அதன் நீளத்தால் வகுத்து, நீளத்தை 1 ஆக்கும்) பொத்தானை அழுத்தியதும் பூச்சியத்தால் வகுக்க முயன்று செயலி உறைந்துபோகிறது. முதலில் வந்த (5, −5, 5) என்ற விடையை, அதே திசையிலுள்ள (1, −1, 1) என எளிமையாக்கும் வசதியும் இல்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்கள் தருகிறேன்.