மாமாவின் மெசி 135: எஞ்சின் செய்து நாலு காலபோகம் ஓடிய பிறகு

எஞ்சின் செய்து முடித்த கிழமையே எழுதியிருந்தால் புகழ்ச்சி மட்டும்தான் வந்திருக்கும். 2021 புரட்டாசியில் ஸ்ராட் பண்ணியது. அதற்குப் பிறகு நாலு காலபோகம், அதாவது மாரி நெற்போகம், உழுது, நெல் மூட்டையோடு பெட்டியும் (ட்ரெயிலர்) இழுத்தாகிவிட்டது. இப்போது கொஞ்சம் நியாயமாகச் சொல்லலாம்.

வாகனம் மாசி பெர்குசன் 135 உழவு இயந்திரம். வன்னியில் பாதி வயலை உழுத அதே சிவப்பு மெசிதான். எஞ்சின் பெர்கின்ஸ் ஏடி3.152: மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், அதாவது இரண்டரை லீற்றர். மாமாவின் வளவில் பல வருடமாக மாமரத்துக்குக் கீழே நின்றது. மேலே பார்த்து நிற்கிற சைலன்சர் குழாய்க்குப் பால்மாப் பேணி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், அது எந்தக் காற்றில் பறந்ததோ தெரியாது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனுக்கு மேலே தேத்தண்ணிச் சாயம் மாதிரி ஒரு தண்ணீர் தேங்கி நிற்கிறது. அந்தப் பிஸ்டன்தான் இறுகிப் பிடித்திருந்தது. டீசலும் கியர் ஓயிலும் கலந்து ஊற்றி, ஐந்து நாள் விட்டு, பிளைவீல் பல்லில் கம்பி கொடுத்து நெம்பியபோது ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தத்தோடு அசைந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தரம் செய்யலாம்.

பிஸ்டனைச் சுற்றியிருக்கிற றிங்கை மட்டும் மாற்றினால் போதுமா என்று மெக்கானிக் அண்ணையிடம் கேட்டேன். “ஓடும் தம்பி, ஒரு வருசம் ஓடும். பிறகு திரும்ப என்னட்டத்தான் வருவாய்” என்றார். சரி என்று முழுக்க இறக்கினோம். இந்த எஞ்சினுக்கு ஸ்லீவ், அதாவது பிஸ்டன் ஓடுகிற உருளை உறை, உலர்ந்த வகை, தண்ணீர் அதில் நேரே படாது. பழையதை அழுத்தி எடுத்து, புதியதை இறுக்கமாக இறக்கி, பிறகு போர் பண்ண வேண்டும், அதாவது உள்பக்கத்தை அளவுக்குக் கடைய வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்கை இருபது தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த சைஸுக்குக் கடைந்தோம். வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் பன்னிரண்டு தௌ. செலவில் பெரிய பங்கு சாமானுக்கு இல்லை, லேத் வேலைக்குத்தான்.

அடுத்தது முதல் தடவை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம். மெசிக்குச் சட்டகம் கிடையாது, எஞ்சினேதான் முதுகெலும்பு. அடியில் இருக்கிற ஓயில் தொட்டியான சம்ப் வார்ப்பிரும்பு, முன் அச்சின் பாரம் அதற்கும் வருகிறது. சம்பைப் பூட்டும்போது அதன் பின்முகமும் எஞ்சின் உடலான புளொக்கின் பின்முகமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று நேர்ப்பட்டி வைத்துப் பார்க்க வேண்டும், கண் மதிப்பில் விட்டால் கியர்பெட்டியோடு இறுக்கும்போது சம்ப் வெடிக்கும். இதை அண்ணை சொல்லித் தந்தார், செய்தேன். ஆனால் கிராங்கின் பின்பக்கத்தில் ஓயிலைத் தடுக்கிற கயிற்றுச் சீலில் கோட்டை விட்டது நான்தான். கயிற்றின் முனையை மட்டத்துக்கு வெட்டக் கூடாது, ஒரு தலைமயிர் அளவு வெளியே நிற்க வேண்டும், இரண்டு பாதியும் சேரும்போது அதுதான் ஒன்றையொன்று அழுத்தும். நான் அழகாக, மட்டமாக வெட்டினேன். மூன்றாம் நாளே கிளச் பக்கமிருந்து ஓயில் சொட்டியது. வாகனத்தைத் திரும்ப இரண்டாகப் பிரித்தோம், வீட்டில் யாரும் என்னோடு கதைக்கவில்லை.

அடுத்த பிழை டீசல் பம்ப். போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது மாமா இதை மண்ணெண்ணெயிலும் ஓட்டியிருக்கிறார். இந்தச் சுழல் பம்புக்கு உள்ளே ஓடுகிற எரிபொருள்தான் எண்ணெய்ப் பசை, மண்ணெண்ணெயில் அந்தப் பசை குறைவு. காசு முடிந்துவிட்டதால் பம்பைத் தொடாமல் பூட்டினேன். காலையில் ஒரு சுற்றில் பிடிக்கும். வேலை செய்து சூடான பிறகு நிறுத்தினால் பிடிக்கவே பிடிக்காது, உள்ளே தேய்ந்த இடைவெளியால் சூட்டில் இளகிய டீசல் நழுவிவிடுகிறது. ஈரச் சாக்கைப் பம்பின் மேல் போட்டு ஆற வைத்தால் பிடிக்கும். இந்த வித்தையோடு ஒரு வருடம் ஓட்டலாம் என்று நினைத்தேன். பிறகு வந்தது 2022, டீசல் தட்டுப்பாட்டு வரிசை. வரிசை பத்தடி நகரும், எல்லாரும் ஸ்ராட் பண்ணுவார்கள், நான் சாக்கை நனைக்கத் தண்ணீர் தேடுவேன். பின்னால் நின்ற பெடியள் இரண்டு முறை தள்ளினார்கள், மூன்றாவது முறை சிரித்தார்கள். போகம் முடிந்ததும் முதல் வேலையாகப் பம்பைக் கழற்றிக் கொடுத்தேன். எஞ்சின் செய்கிறபோதே இதையும் செய்துவிடுங்கள், அந்தக் காசை மிச்சம் பிடிக்கவே முடியாது.

ஓட்டம் பழக்குவதில் ஒன்று: புது எஞ்சின் என்று பயந்து மணிக்கணக்காகச் சும்மா ஓட விடாதீர்கள். றிங் படியாமல் ஸ்லீவ் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும், பிறகு ஓயில் குடிக்கும். நான் முதல் வாரமே பெட்டி பூட்டி மிதமான பாரம் இழுத்தேன். சூடாக்கி எடுத்த பிறகு ஹெட் நட்டுகளைத் திரும்ப இறுக்கி, வால்வையும் மறுபடி வைத்தேன். இப்போது ஒரு ஓயில் மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் கோலில் பார்க்கிற அளவு குறைவது அரை லீற்றர் இருக்காது. சேற்று உழவில் ஓயில் பிரஷர் முள் அசையாமல் நிற்கிறது. புகை, முதல் பிடிக்கும்போது ஒரு ஊது மட்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஹைட்ரோலிக்கில் கை வைக்கவே இல்லை. கலப்பையைத் தூக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து வந்து பார்த்தால் அது நிலத்தில் இருக்கும். அது வருகிற சிறுபோகத்துக்குப் பிறகு. பேணியை மட்டும் இந்த முறை கம்பியால் கட்டியிருக்கிறேன்.