மேட்டுப்பாளையம் மலை ரயில்: பல் வெட்டியவன் கண்ணில்

அம்பத்தூர் எஸ்டேட்டில் 29 வருஷம் கியர் வெட்டும் மெஷினில் நின்றவன் நான். மகள் கல்யாணம் முடிந்து, நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நானும் என் மனைவியும் மட்டுமாக நாலு நாள் ஊட்டிக்குப் போய் வந்தோம். பூங்கா, ஏரி, தொட்டபெட்டா எல்லாம் பார்த்தோம். ஆனால் திரும்பி வந்ததிலிருந்து யார் கேட்டாலும் நாங்கள் இருவரும் பேசுவது முதல் நாள் காலையைப் பற்றித்தான். அதனால் இந்த விமர்சனம் மலை ரயிலுக்கு மட்டும்.

சென்ட்ரலில் இரவு ஒன்பது மணிக்கு மேல் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை ஆறேகாலுக்கு மேல் மேட்டுப்பாளையம். மலை ரயில் 7.10-க்குக் கிளம்பும். நடுவில் முக்கால் மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். முகம் கழுவி, டீ குடித்து, முக்கியமாகக் கழிப்பறை வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மலை ரயில் பெட்டியில் கழிப்பறை கிடையாது. என் மனைவிக்குச் சர்க்கரை இருக்கிறது. முந்தின நாள் முழுக்க எனக்கு இதே கவலைதான். வண்டி வழியில் தண்ணீர் பிடிக்க நிற்கிற இடங்களில் இறங்கிக்கொள்ளலாம், ஹில்குரோவில் போய்வர நேரம் கிடைத்தது. அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை. வயதானவர்களை, குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இரண்டாம் வகுப்பில் பெஞ்சு எதிரெதிராக இருக்கும். முட்டி முட்டியில் இடிக்கும். ஐந்து மணி நேரம் அப்படித்தான் உட்கார வேண்டும். எங்களுக்கு எதிரே ஈரோட்டுக் குடும்பம் ஒன்று, கூடவே ஒரு பாட்டி. கல்லாறு வருவதற்குள் எங்கள் எலுமிச்சை சாதமும் அவர்கள் முறுக்கும் கை மாறிவிட்டன. காசு கொஞ்சம் அதிகம் போனாலும் பரவாயில்லை, கால் நீட்ட வேண்டும் என்றால் முதல் வகுப்பு போடுங்கள். எதுவானாலும் முன்பதிவு திறக்கிற அன்றே உட்கார்ந்து போட வேண்டும். எங்களுக்கு மகள் அப்படித்தான் போட்டாள். ஜன்னல் கேட்க வாய்ப்பிருந்தால் குன்னூர் வரைக்கும் இடது பக்கம் கேளுங்கள்.

பவானி ஆற்றைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கல்லாறு வரைக்கும் வண்டி சாதாரண ரயிலாகத்தான் போகிறது. ஒரே வித்தியாசம், இஞ்சின் பின்னால் இருந்து தள்ளுகிறது. கல்லாறு தாண்டியதும் வேகம் நடக்கிற அளவுக்குக் குறைந்தது. கீழே இரும்பு இரும்பைத் தேடிப் பிடிக்கிற மாதிரி ஒரு சத்தம், ஒரு சின்ன உலுக்கல். அப்புறம் இஞ்சின் மூச்சு விடும் தாளமே மாறிவிட்டது. இஞ்சினின் பல்சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவே இருக்கிற பல் பட்டையைக் கவ்விவிட்டது என்று எனக்குப் புரிந்தது. மனைவி கையைப் பிடித்து, "இங்க கேளும்மா, இப்போ பல்லுல ஏறுது" என்றேன்.

இந்த இஞ்சினில் இரண்டு ஜோடி சிலிண்டர். ஒரு ஜோடி சக்கரத்தைச் சுற்றுகிறது. அதில் வேலை செய்து முடித்த நீராவியை வெளியே விட்டுவிடாமல் இரண்டாவது ஜோடிக்கு அனுப்புகிறார்கள். அது பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. சமதளத்தில் முதல் ஜோடி மட்டும், மலையில் இரண்டும். 12 அடி போனால் ஒரு அடி ஏறுகிற சரிவு இது. வெறும் சக்கரம் மட்டும் இருந்தால் அந்த இடத்தில் வழுக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வண்டி ஏறுகிறது. அங்கே வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டாது. பழைய இஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் வின்டர்தூரில் செய்து வந்தவை. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்தார்கள். அந்த வேலையின் கஷ்டம் தெரிந்தவன் என்பதால் பொன்மலைத் தொழிலாளிகளுக்கு மனசார ஒரு வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

ஹில்குரோவில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தார்கள். எல்லோரும் வடைக்கும் டீக்கும் ஓடினார்கள், குரங்குகளும் அவர்கள் பின்னால் ஓடின. (பையை ஜன்னலில் வைக்காதீர்கள்.) நான் பிளாட்பார ஓரத்தில் குந்தி உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்தேன். நடுவில் பக்கத்தில் பக்கமாக இரண்டு பல் பட்டைகள். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் இன்னொன்றில் பள்ளம். அரைப் பல் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஒரு பல் விடும்போது அடுத்தது பிடித்தாகிவிட்டிருக்கும். எந்த நொடியிலும் வண்டி அந்தரத்தில் இருப்பதில்லை. எங்கள் பட்டறையில் ஒரு கியருக்கு நாங்கள் கணக்குப் போட்டுச் செய்கிற வேலையை, மலை முழுக்கப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு பல்லிலும் ஊட்டிப் பக்கம் பார்த்த முகம் மட்டும் கண்ணாடி மாதிரி தேய்ந்து மினுங்கியது. மேட்டுப்பாளையம் பக்கம் பார்த்த முகத்தில் பழைய கிரீஸும் தூசியும் கறுப்பாக அப்படியே இருந்தன. ஒரு நிமிஷம் யோசித்தேன். ஏறும்போது இஞ்சின் பல் தண்டவாளப் பல்லைக் கீழ்ப்பக்கம் அழுத்துகிறது. இறங்கும்போது பிரேக் பிடித்தாலும் வண்டியின் பாரம் அதே பக்கம்தான் அழுத்துகிறது. அதனால் ஏறினாலும் இறங்கினாலும் தேய்வது ஒரே முகம். குன்னூர் வரை இந்த ரயில் ஓட ஆரம்பித்தது 1899-இல். அன்றிலிருந்து இந்தப் பாதையில் எத்தனை பேரின் பாரத்தை எத்தனை பற்கள் அந்த ஒரு முகத்தில் தாங்கியிருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. விசில் ஊதியதும் மனைவி வந்து எழுப்பிக் கூட்டிப் போனாள்.

நான் இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் மனுஷர்களைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும் ஒரு பிரேக்காரர் நிற்கிறார். இஞ்சின் பின்னால் இருப்பதால் டிரைவருக்கு முன்னால் இருக்கிற பாதை தெரியாது. முதல் பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுகிறார், அடுத்த பெட்டிக்காரர் அதைப் பார்த்து அதே கொடியைக் காட்டுகிறார், அப்படியே கை மாறி இஞ்சினுக்குப் போகிறது. "ஏங்க, கண்ணு முன்னால இருக்கு, காலு பின்னால இருக்கு. நடுவுல இவங்க கைதான்" என்றாள். வளைவு வரும்போது ஜன்னலில் தலையை நீட்டாமல் எட்டிப் பார்த்தால் பச்சைக் கொடி ஒவ்வொன்றாக எழும்புவது தெரியும். வெயில், மழை, குகைக்குள் புகை எல்லாவற்றிலும் அவர்கள் நின்றுகொண்டேதான் வருகிறார்கள். இறங்கியதும் அவர்களிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.

எந்தப் பெட்டி நல்லது என்று கேட்டால், காட்சி வேண்டும் என்பவர்களுக்கு முதல் பெட்டி. முன்னால் இஞ்சின் இல்லாததால் பாதையே கண் முன் விரியும். நான் கடைசிப் பெட்டியைத்தான் சொல்வேன். இஞ்சின் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும். குகைக்குள் போகும்போது புகையும் கரித்துகளும் உள்ளே வரும், சட்டையில் புள்ளி விழும். அதற்காக ஜன்னலை மூடினால் சத்தம் போய்விடும், மூடாதீர்கள்.

நேரம் பார்த்துப் போவது நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும், பாதையில் மண் சரிந்து ரயில் ரத்தாவது அடிக்கடி நடக்கும். நாங்கள் பிப்ரவரியில் போனோம். வானம் தெளிவாக இருந்தது. காலையில் ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும்.

குன்னூரில் நீராவி இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் மாட்டுகிறார்கள். அதற்கு மேல் பல் தண்டவாளம் இல்லை. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக மதியம் 12 மணிக்கு ஊட்டி. அதுவும் அழகுதான். கேத்திப் பள்ளத்தாக்கு வந்தபோது மனைவி என்னை இரண்டு தடவை உலுக்கிக் காட்டினாள். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஊட்டிக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து குன்னூருக்கு மட்டும் ரயிலில் இறங்கிவிட்டு மலை ரயிலில் போனதாகச் சொல்கிறவர்கள் நிறைய. அவர்கள் போனது பல் இல்லாத பகுதி. 2005-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இந்த ரயிலை ஒரு தடவைதான் பார்க்க முடியும் என்றால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிப் பாருங்கள்.

அந்த டிக்கெட் கிடைக்கவில்லையா? சரி, அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். காலையில் பஸ்ஸில் குன்னூர் வந்து, பத்தரை மணி வாக்கில் ஸ்டேஷனில் நில்லுங்கள். வண்டி மேலே ஏறி வரும் சத்தம் முதலில் கேட்கும், வண்டி பிறகுதான் தெரியும். வந்து நின்றதும் கூட்டம் முழுக்க வர்க்கியும் டீயும் வாங்கப் போய்விடும். கழற்றிய இஞ்சின் ஷெட்டுக்குப் போகும்முன் கொஞ்ச நேரம் தனியாக நிற்கும். பக்கத்தில் போனால் அந்தக் குளிரில் அதன் சூடு முகத்தில் அடிக்கும்.