பேரைத் தேடாதீர்கள், கதவு எண்ணைத் தேடுங்கள்

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேர் உள்ள தமிழர் யாராவது "தாத்தா காலத்துச் சேதி எதாவது கிடைக்குமா?" என்று கேட்டால், நான் கைகாட்டும் முதல் இடம் நியூஸ்பேப்பர்எஸ்ஜி. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் நடத்தும் பழைய செய்தித்தாள் தளம் அது. காசு கிடையாது. பல ஆண்டுகளாக அதில் உருண்டுகொண்டிருக்கிறேன். தெருவையும் தொழிலையும் தேடுகிறவருக்கு அது அள்ளிக் கொடுக்கும். ஒரு பேரை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவரைப் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் அனுப்பும்.

அதில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், அதற்கும் மூத்த ஃப்ரீ பிரஸ், 1914இல் வந்த மலாயா ட்ரிப்யூன் என்று ஆங்கில ஏடுகள் ஒரு பெரிய அடுக்கு. தமிழில் 1887இல் தொடங்கிய வார இதழ் சிங்கை நேசன், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு. மைக்ரோஃபிலிமிலிருந்து பக்கங்களைப் படமாக்கி, கணினியை விட்டு எழுத்துகளைப் படிக்கவைத்து, ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாக வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். ஆண்டு, ஏடு, செய்தியா விளம்பரமா மரண அறிவிப்பா என்று சல்லடை போட்டுத் தேடலாம். பேரில் சிங்கப்பூர் இருந்தாலும் அந்தக் கால ஏடுகளுக்கு மலாயா முழுவதுமே சொந்த வட்டாரம். ஈப்போ, கிள்ளான், மூவார்க்காரர்களும் தாராளமாகத் தேடலாம்.

இனி பேர்ச் சிக்கல். முத்துசாமி என்று ஒருவர் இருந்தால் ஆங்கிலத்தில் அவரை எழுத எத்தனை வழி! 'மு'வுக்கு யு ஒன்றா, ஓ இரண்டா? 'த்'துக்கு டி இரண்டா, டியும் எச்சுமா? சாமிக்குக் கடைசியில் 'ஐ' எழுத்தா 'ஒய்' எழுத்தா, நடுவில் டபிள்யூ உண்டா இல்லையா? நீதிமன்றக் குமாஸ்தா ஒரு மாதிரி எழுதுவார், நிருபர் வேறு மாதிரி எழுதுவார், அச்சுக் கோக்கிறவர் அதையும் திருத்துவார். அதற்குமேல், மங்கிப்போன பக்கத்தைக் கணினி படிக்கும்போது 'ஆர்'ரும் 'என்'னும் ஒட்டி 'எம்' ஆகிவிடும். பழைய அச்சைப் படிக்கவைக்கிற எந்தத் தளத்திலும் இந்தத் தொல்லை உண்டு. இத்தனையையும் தாண்டி ஒரு முத்துசாமி அகப்பட்டால், அவர் உங்கள் முத்துசாமிதான் என்பதற்கு என்ன சாட்சி? ஊருக்கு நூறு பேர் அந்தப் பேரில் இருந்தார்கள். தகப்பன் பேரும் சேர்ந்து வந்தால் ஓரளவு தேறும். 'ஒரு தமிழர்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போன செய்திகள்தான் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஏடுகளில் 'கிளிங்' என்ற சொல்லைப் போட்டுத் தேட வேண்டியிருக்கும். அது வசைச் சொல்தான். ஆனாலும் அந்தக் காலத்துச் செய்திகளுக்குள் நுழைய வேறு வாசல் இல்லை.

அதனால் என் வழக்கம் முகவரியில் தொடங்குவது. எங்கள் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை ஒட்டி மாடு வைத்துப் பிழைத்தது. அந்த வட்டாரமே ஒரு காலத்தில் மாட்டு வியாபாரத்தால் வளர்ந்த இடம். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று ஆங்கிலம், மலாய் இரண்டு மொழியிலும் எருமை இன்னும் தெருப்பலகையில் நிற்கிறது. பிறகு பொத்தோங் பாசிர் பக்கம் குடிபெயர்ந்து, கடைசியில் எல்லாரையும் போல அரசாங்க அடுக்குமாடியான வீவக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வீட்டில் இருந்த பழைய ரசீது ஒன்றில் கதவு எண் இருந்தது. அதையும் தெருப் பேரையும் மட்டும் போட்டேன், பேரே போடவில்லை. அதே வரிசையில் இருந்த மாட்டுக் கொட்டகைகள், வாடகைத் தகராறு, ஏலத்துக்கு வந்த வீடு, தீ விபத்து என்று ஒரு தெருவே எழுந்து வந்தது. எங்கள் ஆட்கள் அந்தக் கூட்டத்தில் எங்கோ ஓரத்தில் நின்றார்கள். ஆனால் யார் பக்கத்து வீடு, யாரிடம் கடன், எந்தச் செட்டியாரின் கிட்டங்கி (வட்டிக்கடை) என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்தது.

நகரத்தை விட்டு வெளியே இருந்த கம்பங்களுக்கு (கிராமக் குடியிருப்புகளுக்கு) முகவரி வேறு விதம். இன்ன ரோட்டில் இத்தனையாவது மைல்கல் என்றுதான் எழுதுவார்கள், முக்கால் அரை கால் எல்லாம் சேர்த்து. கணினி அந்தப் பின்னங்களைக் கண்டபடி படிக்கும். முழு எண்ணையும் ரோட்டின் பேரையும் மட்டும் போட்டு, மீதியைக் கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கள் தாத்தா அகப்பட்டது நீதிமன்றப் பத்தியில். போருக்கு முந்தைய சிங்கப்பூர் ஏடுகளைப் புரட்டியவர்களுக்குப் பாலில் தண்ணீர் கலந்த வழக்குகள் பழகியிருக்கும். சுகாதார இன்ஸ்பெக்டர் வழியில் மறித்து மாதிரி எடுப்பார், ரசாயனப் பரிசோதனை நடக்கும், எத்தனை சதவீதம் தண்ணீர் என்று நீதிமன்றத்தில் சொல்வார்கள், அபராதம் விழும். குற்றவாளிகளின் பேர்களைப் பார்த்தால் பாதி நம் ஊர்ப் பேர்கள். தாத்தாவும் அதில் ஒருவர். தகப்பன் பேரும் கதவு எண்ணும் பொருந்தின, தட்டிக்கழிக்க வழியில்லை.

அத்தையிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன்டா தம்பி, எங்கப்பா நாப்பது வருஷம் பால் ஊத்துனாரு. அதெல்லாம் பேப்பர்ல வரல, இது மட்டும் வந்துருச்சா?" என்றார்.

அத்தை கேட்டதைவிடக் கூர்மையான விமர்சனத்தை இந்தத் தளத்தைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. ஆங்கில ஏட்டில் சாதாரணத் தமிழன் பேர் அச்சேற வேண்டுமானால் அவன் சட்டத்தில் சிக்க வேண்டும், லாரியில் அடிபட வேண்டும், அல்லது விளம்பரத்துக்குக் காசு கட்ட வேண்டும். ஒழுங்காகப் பால் ஊற்றிவிட்டுப் போனவனுக்கு அங்கே இடமில்லை. தோட்டத் தொழிலாளி நிலை இன்னும் மோசம். ரப்பர் விலைக்கும் துறைமுகத்தில் வந்திறங்கிய ஆள்கணக்குக்கும் இடையில் அவன் ஓர் எண். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் துருப்புகள் சுட்டுத் தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த வாரங்களின் ஆங்கில ஏடுகளைப் படித்தால் அரசாங்கம் சொன்னது தெரியும், துரைமார் சொன்னது தெரியும். வேலைநிறுத்தம் செய்தவன் சொன்னதை வரிகளுக்கு நடுவில்தான் தேட வேண்டும். அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் கோலாலம்பூர்த் தமிழ் நேசனில் பணியாற்றியவர். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன அந்த ஏட்டையும் இதேபோல் சொல்வாரியாகத் தேட முடிந்தால் மலாயாத் தமிழர் கதையில் பாதி மாறும் என்பது என் எண்ணம்.

சரி, சிக்காதவர்களை எப்படிப் பிடிப்பது? விளம்பரப் பக்கங்களில். 'செய்தி' என்ற சல்லடையை மட்டும் போட்டுக்கொண்டு தேடுகிறவர்கள் பாதியை இழக்கிறார்கள். 1950, 60களில் குடியுரிமைக்கு மனுச் செய்கிறவர் தம் பேரையும் முகவரியையும் நாளிதழில் அறிவிக்க வேண்டியிருந்தது. இவருக்குக் குடியுரிமை தரக் கூடாது என்று சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் பதிவாளருக்கு எழுதலாம் என்று ஒரே அச்சு வாசகம். பார்க்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் ஒரே கம்பத்திலிருந்து வரிசையாக மனுப் போட்டிருப்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்தக் காலத்தில் முரசு "குடியுரிமை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விடாமல் எழுதியதை யார் கேட்டார்கள், யார் தயங்கினார்கள் என்று வீடு வீடாகத் தெரியும். எங்கள் பெரியப்பா எடுத்தார். தாத்தா எடுத்ததற்கு அறிவிப்பு எதுவும் கண்ணில் படவில்லை.

இறந்தவர் சொத்துக்கு உரிமை கோரும் அறிவிப்பு, பேர் மாற்ற அறிவிப்பு, தொலைந்த பத்திர அறிவிப்பு, இவையெல்லாம் இதே சாதி. பள்ளித் தேர்வு முடிவுகளையும் விடாதீர்கள். பள்ளியிறுதித் தேர்வான சீனியர் கேம்பிரிட்ஜின் முடிவுகளைப் பள்ளிவாரியாகப் பேரோடு போடுவார்கள். நம் வீட்டுப் பெண்கள் செய்தித்தாளில் சொந்தப் பேரோடு வருகிற அபூர்வமான இடங்களில் அது ஒன்று. அத்தையின் பேர் 1950களின் நடுவில் அப்படியொரு பட்டியலில் இருந்தது. அதை அச்செடுத்துக் கொடுத்த பிறகுதான் எனக்கு அந்த வீட்டில் மறுபடி காப்பி கிடைத்தது.

கப்பல் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 'ரஜூலா'வில் வந்த கொள்ளுத்தாத்தா பேர் பயணிகள் பட்டியலில் இருக்குமா? இருக்காது. முதல் வகுப்பில் வந்த துரைகளின் பேர்தான் ஏட்டில் வரும், மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்கள் மொத்தமாக ஒரு தொகை. ஆனால் கப்பல் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் தாமதம், அம்மை கண்டு எல்லாரையும் நோய்த்தடுப்புக்கு ஒதுக்கிய செயிண்ட் ஜான்ஸ் தீவில் இறக்கினார்களா என்பதெல்லாம் கப்பல் பத்தியில் கிடைக்கும். "தீவாளிக்கு நாலு நாள் முன்ன வந்து எறங்கினோம்" என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தால், அதை வைத்துக்கொண்டே ஆண்டைச் சுருக்கிவிடலாம். நான் அப்படித்தான் மூன்று ஆண்டுக்குள் கொண்டுவந்திருக்கிறேன். இந்திய அரசு 1938இல் உதவிக்கட்டண ஆளெடுப்பை, அதாவது பயணச் செலவைக் கொடுத்து ஆள் சேர்ப்பதைத் தடுத்ததால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் தோட்டத்துக்கு வந்தவர்களைத் தேடுவது வேறு கணக்கு.

1942 முதல் 1945 வரை ஒரு பள்ளம். அப்போது வந்த ஆங்கில ஏடு ஜப்பானியர் நடத்தியது. நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்ததும் இந்திய தேசிய ராணுவமும் அதில் நிறைய உண்டு. ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத தோட்டத் தமிழர்களை அதில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த நான்கு ஆண்டுக்கும் பிற்காலத்து நினைவுகளே கதி. 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையத்தின் நேர்காணல்கள் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் உள்ளன, கேட்டுப் பாருங்கள்.

தமிழ் ஏடுகளுக்கு வருகிறேன். இங்கே நான் தேடுபெட்டியை நம்புவதே இல்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழைய 'லை'யும் 'றா'வும், நசுங்கிய ஈய அச்சும், மைக்ரோஃபிலிம் கீறலும் சேர்ந்தால் மனிதக் கண்ணே திணறும். நாளைத் தேர்ந்தெடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் என் வழி. மெதுவான வேலைதான். ஆனால் ஆங்கில ஏட்டில் கிடைக்காத மனிதர்கள் இங்கே இருக்கிறார்கள்: சங்கக் கூட்டத்தில் நன்றி நவின்றவர், தமிழர் திருநாளில் கோலப் போட்டியில் வென்றவர், நன்கொடைப் பட்டியலில் ஒரு வெள்ளி போட்டவர். ஆங்கில ஏட்டில் பாலில் தண்ணீர் கலந்தவராக வந்த அதே தெரு ஆட்கள் முரசில் கோயில் திருவிழாத் தண்ணீர்ப்பந்தல் நடத்தியவர்களாக வருகிறார்கள். இரண்டு ஏட்டையும் ஒரே மாதத்துக்கு அருகருகே திறந்துவைத்துப் படிப்பதை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

ஒப்பிட்டுச் சொன்னால், யாழ்ப்பாணத்து வேருள்ளவர்கள் 'நூலகம்' என்ற பேருள்ள இணையத்தளத்தில் தொடங்கலாம். அங்கே ஈழத்துப் பத்திரிகைகள் ஏராளமாகப் படமாக இருக்கின்றன. ஈழநாடு அலுவலகமும் யாழ் நூலகமும் 1981இல் எரிந்த பிறகு மிஞ்சியதையும் தனியார் சேமிப்புகளையும் கூட்டிச் சேர்த்த உழைப்பு அது. ஆனால் அங்கும் இதழ் இதழாகத் திறந்து படிக்கத்தான் வேண்டும்.

சில்லறை விஷயங்கள். வெட்டிய செய்தியை மட்டும் பார்த்து நிறுத்தாமல் முழுப் பக்கத்தையும் ஒருமுறை திறந்துவிடுங்கள். தொடர்ச்சி அடுத்த பத்தியில் தனியாக வெட்டப்பட்டுக் கிடக்கும். ஏட்டின் பேர், தேதி, பக்கம் மூன்றையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், படத்தை மட்டும் கைப்பேசியில் எடுத்தால் ஆறு மாதம் கழித்து எது எந்த ஏடென்று தெரியாது. அண்மைக்கால இதழ்கள் சிலவற்றை நூலகக் கணினியில்தான் பார்க்க முடியும். விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்தின் 11ஆம் மாடிக்குப் போகிறவர்கள் மைக்ரோஃபிலிமையும் அங்கேயே பார்த்துவிடலாம், குளிருக்கு ஒரு சட்டை எடுத்துப் போங்கள். செய்தியில் வரும் வயதை நம்ப வேண்டாம். இறந்த தேதியையும் அறிவிப்பு வந்த தேதியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது நானும் அத்தை மகளும் வேறொரு வேலையில் இறங்கியிருக்கிறோம். முரசில் வந்த மரண அறிவிப்புகளை, பொத்தோங் பாசிர் பக்கத்து முகவரிகளுக்கு மட்டும், கையால் ஒரு விரிதாளில் ஏற்றுகிறோம். பேர், தகப்பன் அல்லது கணவர் பேர், இங்கத்திய முகவரி, ஏட்டின் தேதி, பக்கம், அதோடு சொந்த ஊர். பல அறிவிப்புகளில் ஊர்ப் பேர் தாலுகாவோடு வருகிறது, ஆங்கில ஏட்டில் அது கிடைப்பதில்லை. பேர்களைத் தமிழில் மட்டுமே ஏற்றுகிறோம். ஊர்வாரியாக வரிசைப்படுத்தியதில், தூரத்துச் சொந்தம் என்று நாங்கள் நினைத்திருந்த இரண்டு குடும்பங்கள் வேறு தாலுகா என்றும், சொந்தமே இல்லை என்று தாத்தா சாதித்த ஒரு குடும்பம் எங்கள் ஊர்க்காரர்கள்தான் என்றும் வந்திருக்கிறது. அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை ஒருவர் ஈசூனில் இருக்கிறாராம். அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார்.