கலந்தாய்வு நாளும் நேர்காணல் நாளும்: வேலூரிலிருந்து ஓர் ஒப்பீடு

எங்கள் வீட்டில் ஓராண்டு இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் மருத்துவப் படிப்புக்கு முயன்றார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த என் மகன் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டில் சென்னைக் கலந்தாய்வுக்குப் போனான். காட்பாடியில் பாட்டி வீட்டிலிருந்து படித்த என் அக்கா மகள், வளைகுடாவில் இருக்கும் தகப்பனாரின் சம்பாத்தியத்தை நம்பி இங்கிலாந்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். இரண்டு நாட்களுக்கும் கூடவே இருந்தவன் என்ற முறையில், எந்த நாள் பிள்ளையிடம் எதைக் கேட்கிறது என்பதை எழுதுகிறேன்.

கலந்தாய்வு நாளில் யாரும் எதையும் கேட்பதில்லை. நீட் தரவரிசை முன்பே முடிவாகிவிட்டதால், அன்றைக்கு நடப்பது சான்றிதழ் சரிபார்ப்பும் இடத் தேர்வும் மட்டுமே. பொதுப் பிரிவினருக்கு அதுவும் இணையவழிக்குப் போய்விட்டது. உள் ஒதுக்கீட்டுப் பிள்ளைகளும் சிறப்புப் பிரிவினரும்தான் நேரில் போகிறார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியர் தந்த சான்று எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, விடியற்காலை ரயிலில் காட்பாடியில் ஏறினோம்.

திரையில் கல்லூரிகளின் பெயர்களும் மீதமுள்ள இடங்களும் ஓடிக்கொண்டிருந்தன. அடுக்கம்பாறை அரசுக் கல்லூரிக்கு எதிரே இருந்த எண், அவனுக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போதே பூஜ்யமாகிவிட்டது. என் மகன் திரும்பி என்னைப் பார்த்தான். அடுத்து என்ன என்று நாங்கள் வீட்டில் பேசி வைத்திருக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையானவர்தான், ஆனாலும் பின்னால் வரிசை நின்றது. திருவண்ணாமலை என்று அவனே சொன்னான். அந்த நாள் வைக்கும் சோதனை அது ஒன்றே: விருப்பப் பட்டியலைப் பத்துக் கல்லூரி ஆழத்துக்கு முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகாதவர்கள், ஐந்தரை ஆண்டு வாழ்க்கையை அரை நிமிடத்தில் முடிவு செய்ய நேர்கிறது.

வேலூர்க்காரர்களுக்கு நேர்காணல் புதிய சங்கதி அல்ல. 1918இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.), நீட் வருவதற்கு முன்பு, எழுத்துத் தேர்வில் தேறியவர்களைப் பாகாயம் வளாகத்துக்கு வரவழைத்து, சில நாட்கள் தங்க வைத்து, குழுப் பணிகளும் உரையாடலும் வைத்துத் தேர்ந்தெடுத்தது. ஒரு பிள்ளை மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறது என்பதை அரை மணி நேரத்தில் பார்க்க முடியாது என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. அந்த முறையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான் 2017இல் நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றை நிரப்பாமல் நிறுத்தி வைத்தார்கள். சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததோடு, நீட்டை எதிர்த்து சி.எம்.சி. தொடுத்திருந்த வழக்கு முடிந்தது. ஆகவே இன்றைக்கு இந்த ஊர்ப் பிள்ளை நேர்காணலைச் சந்திக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் வெளிநாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். (அமெரிக்காவை இங்கே விட்டுவிடுகிறேன், அங்கே பட்டப்படிப்பை முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி.)

இங்கிலாந்தில் இரண்டு வகை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பழைய பாணியில் நிற்கின்றன: இரண்டு மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்து, ஏறத்தாழ அரை மணி நேரம், ஒரே கேள்வியை நூல் பிடித்தாற்போல் இழுத்துக்கொண்டே போவார்கள். மலை உச்சியில் வாழ்பவர்களின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஏன் கூடுகின்றன என்பது போலத் தொடங்கினால், நமக்குத் தெரிந்தது முடியும் இடத்துக்கு அழைத்துப் போய், அதற்கு அப்பால் எப்படி யோசிக்கிறோம் என்று பார்ப்பார்கள். பாடத்தை நேசிக்கும் பிள்ளைக்கு இது விருந்து. ஆனால் முதல் ஐந்து நிமிடங்களில் நாக்கு உலர்ந்துவிட்டால், மீதி இருபத்தைந்து நிமிடங்களும் அதே முகங்களின் முன்னால்தான்.

பெரும்பாலான மற்றக் கல்லூரிகள் பல சிறு நேர்காணல் முறையைப் பின்பற்றுகின்றன, சுருக்கமாக எம்.எம்.ஐ. என்பார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2004இல் இதைப் பற்றி எழுதினார்கள். பத்து நிலையங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடங்கள், இடையில் கேள்வியைப் படிக்க இரண்டு நிமிடங்கள் என்பது அவர்கள் வகுத்த கணக்கு. கல்லூரிக்குக் கல்லூரி இது கூடும், குறையும். மணி அடித்தால் எழுந்து அடுத்த நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே வேறொரு மதிப்பீட்டாளர் இருப்பார். முந்தைய அறையில் நாம் உளறியது அவருக்குத் தெரியாது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய, மருத்துவ மாணவர்கள் நிலையம் நிலையமாகச் சென்று செய்முறைத் திறனைக் காட்டும் ஆஸ்கி தேர்வின் சாயல் இது. நம் ஊர் மருத்துவ மாணவர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே பெருமூச்சு விடுவார்கள்.

அக்கா மகளுக்கு வீட்டிலேயே ஒத்திகை வைத்தோம். மருத்துவரைப் பார்க்க ஆட்டோ பிடித்து ஆம்பூரிலிருந்து வந்த பாட்டியாக என் அம்மா உட்கார்ந்தார். இன்றைக்கு டோக்கன் முடிந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல வேண்டும். பெண் விதிமுறையை விளக்கத் தொடங்கினாள். தன்னாட்சி, நன்மை, தீங்கின்மை, நீதி என்று நான்கு அறக் கோட்பாடுகளையும் மனப்பாடம் செய்திருந்தவள், பாட்டியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அம்மா குறுக்கிட்டு, “மொதல்ல உக்காரச் சொல்லு கண்ணு, அப்புறம் சட்டம் பேசு” என்றார். இரண்டாவது முறை அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள், அதன் பிறகுதான் டோக்கன் விஷயத்துக்கு வந்தாள். எந்தப் பயிற்சி மையத்து வகுப்பையும்விட அந்த எட்டு நிமிடம் அவளுக்கு உதவியது என்பது என் எண்ணம்.

வரைபடத்தைப் பார்க்காதவருக்கு வெறும் வார்த்தையால் விளக்கி வரையச் செய்யும் நிலையமும் சில இடங்களில் உண்டு. இதில் வேலூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன அனுகூலம் இருக்கிறது: சி.எம்.சி.யைச் சுற்றிய தெருக்களில் வங்காளத்திலிருந்து வந்த நோயாளிக்கு நம் மருந்துக்கடைக்காரர் பாதி இந்தியிலும் பாதி சைகையிலும் மாத்திரை வேளையைப் புரிய வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

இரண்டு நேர்காணல்களில், இங்கிருந்து போகும் பிள்ளைக்கு எம்.எம்.ஐ.தான் நியாயமானது என்பேன். உச்சரிப்பைக் கேட்டு முகம் சுளிக்கும் ஒருவர் எதிர்ப்பட்டாலும் பத்தில் ஒரு பங்குதான் போகும். கலந்தாய்வோடு வைத்துப் பார்த்தால் விடை அவ்வளவு எளிதல்ல. குடியாத்தத்து நெசவாளி மகனிடம் அப்பா என்ன செய்கிறார் என்று எந்த மேசையும் கேட்காமல் இடம் தருவது கலந்தாய்வின் பெருமை. ஆனால் நாற்காலியை இழுத்துப் போடத் தெரியுமா என்பதையும் அது கேட்பதில்லை. என் மகனுக்கு அது தெரியும், யாரும் பார்க்கவில்லை.

செலவிலும் ஏற்பாட்டிலும் உள்ள வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கும் நீட் தகுதி கட்டாயம், ஆகவே அந்தத் தேர்விலிருந்து தப்ப வழியில்லை. நேர்காணல் இப்போது பல இடங்களில் இணையவழியிலேயே நடக்கிறது. குளிர்காலத்தில் லண்டனில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குப் பிற்பகல் இரண்டரை. அடையாளத்துக்குப் பாஸ்போர்ட்டைக் கேமராவில் காட்டச் சொல்வார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் சரியாக இரண்டேகாலுக்கு மின்சாரம் போனது. இன்வர்ட்டர் மோடத்தையும் ஒரு மின்விசிறியையும் தாங்கியது. அக்கா விசிறியை நிறுத்திவிட்டு, கதவுக்கு வெளியே செல்போனில் நெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்றேமுக்கால் வரை நின்றுகொண்டே இருந்தாள்.