டிக்கெட்டோடு வரும் காப்பீடா, தனியாக எடுப்பதா?

ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது, பணம் கட்டும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் காத்திருக்கும்: "பயணக் காப்பீடு சேர்க்கவா?" சில தளங்களில் நம்மைக் கேட்காமலே டிக் விழுந்திருக்கும். (ஐரோப்பிய ஒன்றியம் 2011-லேயே இந்தத் தந்திரத்துக்குத் தடை போட்டுவிட்டது.)

அந்த டிக்கில் சௌகரியம் உண்டு. ஒரே சொடுக்கு, தொகையும் பெரும்பாலும் சிறியது. உள்நாட்டில் இரண்டு நாள் போய்வர இது போதும். டிக்கெட்டே மலிவு என்றால் அதுகூட வேண்டாம் என்பேன்.

வெளிநாடு என்றால் கதை வேறு. அங்கே பயப்பட வேண்டியது டிக்கெட் ரத்தாவதற்கு அல்ல, ஆஸ்பத்திரி பில்லுக்கு. கட்டத்தில் வரும் பாலிசியில் மருத்துவ வரம்பு, அதாவது சிகிச்சைக்குத் தரும் உச்சத் தொகை, சிறியதாக இருக்கலாம். வேறு தளத்தில் கட்டிய ஹோட்டல் முன்பணமும் அதில் அடங்காமல் போகலாம். தனியாக எடுத்தால் வரம்பை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) எப்படியும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு காட்ட வேண்டும்.

என்ன, அரை மணி நேரம் உட்கார்ந்து படிக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பிறகு அதையே காட்டிப் பணம் தர மறுப்பார்கள்.

அப்புறம், "போக மனசில்லை" என்று ரத்து செய்தால் சாதாரண பாலிசி இரண்டிலுமே பைசா கிடைக்காது. சில கிரெடிட் கார்டுகளோடு பயணக் காப்பீடு ஏற்கெனவே வரும்; முதலில் அதைப் பாருங்கள்.